வருஷா வருஷம் வரும் "அவசரம்"

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் குடியிருப்பவர்களுக்கு மழைக்காலம் வந்துவிட்டதா என்று பார்க்க பஞ்சாங்கம் தேவையில்லை. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டர் வாங்கி ஊற்றுவார்கள். மாடித் தொட்டியை வழிய வழிய நிரப்பி வைப்பார்கள். செல்போன், டார்ச் லைட் எல்லாம் சார்ஜில் கிடக்கும். மெழுகுவர்த்தி மளிகைக் கடையில் முன் வரிசைக்கு வந்துவிடும். மக்களைப் பொறுத்தவரை இது ஒரு பருவம், அவ்வளவுதான். ஆனால் அரசாங்கத்தின் அகராதியில் மட்டும் இதற்கு "எதிர்பாராத இயற்கைப் பேரிடர்" என்று பெயர். அந்தப் பெயரில்தான் பிரச்சினையே இருக்கிறது.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். 2011 டிசம்பர் 30, தானே புயல். 2015 நவம்பர்-டிசம்பர், சென்னைப் பெருவெள்ளம். 2016 டிசம்பர் 12, வர்தா. 2018 நவம்பர் 16, கஜா. 2020 நவம்பர், நிவர். 2022 டிசம்பர், மாண்டூஸ். 2023 டிசம்பர், மிக்ஜாம். 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல். இதில் எல்லாமே சென்னையைத் தாக்கியவை அல்ல. ஆனால் எல்லாமே நவம்பரிலும் டிசம்பரிலும் வந்தவை. சென்னையின் வருஷ மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது என்பது பள்ளிக்கூடப் புவியியல் பாடம். தேதி சொல்லிவிட்டு வருகிற விருந்தாளியை "திடீரென்று வந்துவிட்டார்" என்று சொல்லி வாசலில் நிறுத்தி வைத்தால் அது யாருடைய தப்பு?

மின்சாரம் இல்லையா, இருந்தும் வரவில்லையா?

குளிர்காலத்தில் மின்சாரம் போவது உலகத்தில் எங்கும் நடப்பதுதானே என்று சிலர் கேட்கலாம். 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலமே இருண்டு போனதே! உண்மைதான். கடும் உறைபனியில் எரிவாயுக் குழாய்களும் மின் நிலையங்களும் முடங்கின. சுமார் 20,000 மெகாவாட் அளவுக்கு மின்சாரத்தை வெட்ட வேண்டியதாயிற்று. அந்த மாநில அரசின் கணக்குப்படியே 246 பேர் இறந்தார்கள். இன்னும் ஐந்து நிமிடம் போயிருந்தால் மொத்த மின்கட்டமைப்பும் சரிந்திருக்கும் என்றார்கள்.

ஆனால் டெக்சாஸ் கதைக்கும் அம்பத்தூர் கதைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. அங்கே மின்சாரமே இல்லை. இங்கே மின்சாரம் இருக்கிறது! தமிழ்நாட்டில் தேவை உச்சத்துக்குப் போவது கோடையில். 2024 மே 2-ம் தேதி 20,830 மெகாவாட் தேவைப்பட்டது, அதையும் கொடுத்தார்கள். புயல் வீசுகிற டிசம்பர் நாளில் ஏ.சி. ஓடாது, வயலில் பம்பு செட் ஓடாது, பாதித் தொழிற்சாலைகள் மூடியிருக்கும். தேவை கீழே இறங்கிக் கிடக்கும். அப்படியிருந்தும் வீட்டில் விளக்கு எரியவில்லை என்றால், குறை மின் நிலையத்தில் இல்லை. துணைமின் நிலையத்திலிருந்து தெருமுனை வரை வருகிற கடைசி சில கிலோமீட்டரில் இருக்கிறது.

டெக்சாஸிடமிருந்து கற்க வேண்டியது வேறொன்று. 2011-லேயே அங்கே ஒரு உறைபனி வந்து மின்சாரம் போனது. குளிரைத் தாங்கும்படி மின் நிலையங்களைத் தயார் செய்யுங்கள் என்று அப்போதே மத்திய அமைப்புகள் அறிக்கை கொடுத்தன. கட்டாயமாக்கவில்லை. பத்து வருஷம் கழித்து அதே கதை, நூற்றுக்கணக்கான உயிர்கள். அதற்கப்புறம்தான் சட்டம் போட்டார்கள். எச்சரிக்கையைப் பரணில் போட்டுவிட்டு அடுத்த முறை "அவசர நடவடிக்கை" எடுப்பது அமெரிக்காவுக்கும் தமிழ்நாட்டுக்கும் பொதுவான வியாதி போலிருக்கிறது.

"அவசர நடவடிக்கை" என்றால் என்ன?

ஒவ்வொரு புயலுக்கும் அறிக்கை ஒரே மாதிரி வரும். கட்டுப்பாட்டு அறை திறக்கப்பட்டுள்ளது, இத்தனை மின்கம்பங்கள் கையிருப்பில் உள்ளன, வெளிமாவட்டங்களிலிருந்து ஊழியர்கள் வரவழைக்கப்பட்டுள்ளனர், பொதுமக்கள் ஒத்துழைக்க வேண்டும். 2021-ல் "மின்னகம்" என்ற புகார் மையமும் வந்தது. நல்ல விஷயம்தான். இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு கம்பம் ஏறுகிற லைன்மேனையும், அவருக்குப் பக்கத்தில் நிரந்தர வேலையும் இல்லாமல் கயிறு பிடிக்கிற ஒப்பந்தத் தொழிலாளியையும் குறை சொல்பவன் மனுஷனே இல்லை. சென்னை மறுபடி எழுந்து நின்ற ஒவ்வொரு முறையும் அது அவர்கள் கையால் நடந்தது.

ஆனால் உண்மையில் முதலில் எடுக்கப்படும் நடவடிக்கை எது? சுவிட்சை அணைப்பது! காற்று பலமானதும், தெருவில் தண்ணீர் ஏறியதும், ஃபீடரை ஆஃப் செய்துவிடுவார்கள். இதற்கு நியாயமான காரணம் உண்டு. 2017 நவம்பர் 1-ம் தேதி கொடுங்கையூரில் மழைநீரில் நடந்துபோன இரண்டு சிறுமிகள் மின்சாரம் பாய்ந்து இறந்தார்கள். அந்தக் கொடுமைக்குப் பிறகு தண்ணீர் தேங்கிய தெருவில் மின்சாரத்தை ஓடவிடு என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்கவும் கூடாது.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. மழைநீரும் மின்சாரமும் சந்திக்கிற உயரத்தில் பில்லர் பாக்ஸை வைத்தது யார்? தண்ணீர் நிற்கும் என்று ஊருக்கே தெரிந்த பள்ளத்தில் டிரான்ஸ்பார்மரை நிறுத்தியது யார்? பில்லர் பாக்ஸ்களை உயர்த்தும் வேலை அப்புறம் நடந்தது. நடந்த இடத்தில் பலனும் இருந்தது. அதாவது, வழி தெரியாமல் இல்லை. தெரிந்த வழியை எல்லாத் தெருவுக்கும் கொண்டுபோகவில்லை. பாதுகாப்புக்காக அணைக்கிறோம் என்று ஒவ்வொரு டிசம்பரிலும் சொல்வது, எங்கள் கட்டமைப்பு பாதுகாப்பானது அல்ல என்று வருஷம் ஒருமுறை கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதற்குச் சமம்.

வரி மாநகராட்சி, கம்பி பஞ்சாயத்து

பழைய சென்னையில் பெரும்பாலான பகுதிகளில் மின்சாரம் தரைக்கு அடியில் கேபிளில் போகிறது. அம்பத்தூரில் தலைக்கு மேலே கம்பியில் போகிறது. 2011 அக்டோபரில் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது அம்பத்தூர் அதன் 7-வது மண்டலமானது. 2019-ல் ஆவடியும் தனி மாநகராட்சியானது. பெயர்ப்பலகை மாறியது, வரி மாறியது. மரக்கிளைக்கு நடுவே தொங்குகிற கம்பி மட்டும் பஞ்சாயத்துக் காலத்திலேயே நின்றுவிட்டது. மாநகராட்சி வேறு, மின்வாரியம் வேறு என்பது சரிதான். ஆனால் இரண்டுக்கும் மேலே உட்கார்ந்திருப்பது ஒரே அரசு!

வர்தா வந்த நாளை நினைத்துப் பார்த்தால் போதும். மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேல் காற்று. ஆயிரக்கணக்கில் மரங்களும் கம்பங்களும் சாய்ந்தன. அப்போது பணமதிப்பு நீக்கம் அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கையில் ரொக்கம் இல்லை, கரண்ட் இல்லாததால் ஏ.டி.எம். இல்லை, கடையில் கார்டு தேய்க்கிற மெஷினும் இல்லை. நகரத்தின் நடுப்பகுதியில் விளக்கு எரிந்த பிறகும் புறநகர்த் தெருக்கள் பல நாள் இருட்டில் கிடந்தன. ஈ.பி. ஆபீசுக்குப் போன் போட்டால் "வேலை நடக்குதுங்க" என்ற ஒரே பதில்.

கேபிள் புதைக்கச் செலவு பல மடங்கு, வாரியமோ ஏற்கெனவே லட்சம் கோடிக்கு மேல் நஷ்டத்தில் இருக்கிறது என்பார்கள். பொய் இல்லை. கேபிள் போட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்பதும் பொய்தான். 2015 வெள்ளத்தில் கேபிள் இருந்த பகுதிகளிலும் பாதுகாப்புக்காக மின்சாரம் நிறுத்தப்பட்டது. மண்ணுக்கடியில் பழுதைத் தேடிக் கண்டுபிடிப்பதும் லேசில்லை. அதனால்தான் ஊர் முழுக்க ஒரே நாளில் கேபிள் போடச் சொல்லவில்லை. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, பருத்திப்பட்டு ஏரி என்று ஏரிகளை ஒட்டிய தாழ்வான தெருக்கள் எவை என்று வார்டு கவுன்சிலரிலிருந்து பால்காரர் வரை எல்லோருக்கும் தெரியும். மரம் அடர்ந்த தெருவில் கேபிள், தண்ணீர் நிற்கும் தெருவில் உயர்ந்த மேடை, இரண்டு பக்கமிருந்தும் மின்சாரம் தரக்கூடிய இணைப்பு. முதலில் அங்கிருந்து தொடங்கலாமே! புறநகரிலும் கேபிள் வரும் என்ற அறிவிப்பைப் பல ஆண்டுகளாகக் கேட்டாயிற்று. சில இடங்களில் பள்ளமும் தோண்டினார்கள். உள் தெருக்காரர்கள் இன்னமும் அண்ணாந்து கம்பியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

பில் யார் தலையில்?

செலவு செய்யாவிட்டால் செலவே இல்லை என்று நினைப்பதுதான் பெரிய ஏமாற்று. அந்தச் செலவு வேறு ஆளின் கணக்கில் ஏறுகிறது. 1960-களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பெரும்பாலானவை சிறு பட்டறைகள். லேத், சி.என்.சி. மெஷின், பிரஸ், மோல்டிங். பெரிய கம்பெனிகளுக்கு உதிரி பாகம் செய்து கொடுப்பவை. மிக்ஜாமின்போது தொழிற்பேட்டைக்குள் தண்ணீர் புகுந்து மெஷின்களின் மோட்டாரும் கன்ட்ரோல் போர்டும் நாசமாயின. தண்ணீர் புகாத பட்டறைக்காரரும் கரண்ட் வரும் வரை கை கட்டி உட்கார்ந்திருந்தார். பீஸ் ரேட்டுக்கு வேலை செய்கிறவருக்கு அந்த நாட்களில் கூலி பூஜ்யம். நிவாரணமாகக் குறைந்த வட்டியில் கடன் அறிவிக்கப்பட்டது. நஷ்டப்பட்டவனுக்கு மேலும் ஒரு கடன்!

இதில் வேடிக்கை, நிலைக் கட்டணம். யூனிட் கணக்கு வேறு. நிலைக் கட்டணம் என்பது கிலோவாட் கணக்கில், மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டியது. மின்சாரத்தை எப்போதும் தயாராக வைத்திருப்பதற்கான விலை என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். 2022 செப்டம்பரில் அது கடுமையாக ஏறியதை எதிர்த்துத்தான் 2023 செப்டம்பர் 25-ம் தேதி தமிழகம் முழுக்கச் சிறு, குறுந்தொழில்கள் கதவடைப்புச் செய்தன. சரி, தயாராக வைத்திருப்பதற்கு விலை என்றால், தயாராக இல்லாத ஐந்து நாளுக்கு எதற்கு விலை?

வீடுகளில் கதை இன்னும் மோசம். மோட்டார் ஓடாமல் தண்ணீர் இல்லை. மூன்றாவது மாடியில் மூச்சுத் திணறலுக்கு ஆக்சிஜன் மெஷினை நம்பியிருக்கும் பெரியவருக்கு இன்வெர்ட்டர் சில மணி நேரம்தான் கைகொடுக்கும். டீசல் ஜெனரேட்டர் வைத்திருக்கும் பெரிய அடுக்குமாடிக்காரர் புயலை டிவியில் பார்ப்பார். வாடகை வீட்டுக்காரர் புயலைச் சுவரில் பார்ப்பார்.

சட்டம் என்ன சொல்கிறது?

2003 மின்சாரச் சட்டத்தின் 57-வது பிரிவுப்படி, வினியோக நிறுவனம் குறிப்பிட்ட தரத்தில் சேவை தராவிட்டால் நுகர்வோருக்கு இழப்பீடு தர வேண்டும். 2020 டிசம்பரில் வந்த மத்திய அரசின் நுகர்வோர் உரிமை விதிகள், அந்த இழப்பீடு தானாகவே கணக்கில் வர வேண்டும் என்கிற அளவுக்குப் போயின. ஆனால் புயல், வெள்ளம் என்றால் விதிவிலக்கு! "பேரிடர்" என்ற ஒரு சொல் போதும், எல்லாப் பொறுப்பும் கழன்று விழுந்துவிடும். வருஷா வருஷம் வரும் மழைக்கு "அவசரம்" என்று பெயர் வைப்பதன் லாபம் இங்கேதான் இருக்கிறது.

அரசு நினைத்தால் முடியாதா? அதே சட்டத்தின் 11-வது பிரிவு, அசாதாரணச் சூழலில் மின் நிலையங்களுக்கே உத்தரவு போடும் அதிகாரத்தை அரசுக்குத் தருகிறது. 2009-ல் தமிழக அரசு அதைப் பயன்படுத்தி, இங்கே உற்பத்தியாகும் தனியார் மின்சாரம் வெளியே போகக்கூடாது என்று தடுத்தது. 2012-ல் பற்றாக்குறை கடுமையாக இருந்தபோது சென்னையில் தினமும் இரண்டு மணி நேர மின்வெட்டு. எந்தப் பகுதிக்கு எந்த நேரம் என்று பட்டியல் போட்டார்கள். மக்கள் திட்டிக்கொண்டே அந்தப் பட்டியலை வைத்து மாவு அரைத்தார்கள், மோட்டார் போட்டார்கள். பற்றாக்குறைக்குப் பட்டியல் போட முடிந்த வாரியத்தால், புயலுக்குப் பின் எந்த ஃபீடர் எத்தனை மணிக்கு வரும் என்று ஒரு பட்டியல் போட முடியாதா?

2024-ல் மின் வினியோகத்துக்கென்றே தனி நிறுவனமும் பிரித்தாயிற்று. பெயர் புதுசு. வேலையும் புதுசாக இருக்க வேண்டுமானால் செய்ய வேண்டியவை சிக்கலானவை அல்ல. ஒவ்வொரு அக்டோபர் முதல் தேதியும் எந்தெந்த ஃபீடரில் கிளை வெட்டி, கம்பம் மாற்றி, டிரான்ஸ்பார்மரை உயர்த்தினார்கள் என்று தெருவாரியாக அறிவிக்க வேண்டும். ஆஸ்பத்திரி, குடிநீர் நிலையம், வெள்ள நீர் இறைக்கும் மோட்டார், உயிர் காக்கும் கருவி இருக்கும் வீடு ஆகியவற்றின் பட்டியல் மழைக்கு முன்பே கையில் இருக்க வேண்டும். டெக்சாஸில் எரிவாயு நிலையங்கள் முக்கியப் பட்டியலில் இல்லாததால் அவற்றின் மின்சாரத்தையே வெட்டி, அதனால் மின் நிலையத்துக்கு எரிவாயு போகாமல் நின்ற முட்டாள்தனம் இங்கே நடக்க வேண்டாம். மழைக்கு முந்தைய பராமரிப்பைச் செய்ததாக நிரூபிக்கும் ஃபீடருக்கு மட்டும் "பேரிடர்" விலக்கு. மற்றதற்கு இழப்பீடு, இருண்ட நாளுக்கு நிலைக் கட்டணமும் கிடையாது. இந்தக் கடைசி ஒன்றை மட்டும் செய்து பாருங்கள். மற்றவை தானாக நடக்கும்.

அடுத்த அக்டோபரிலும் மழை வரும். தேதி தெரியும், தெரு தெரியும், பள்ளம் தெரியும். அதற்கப்புறமும் இருட்டினால் அதற்குப் பெயர் பேரிடர் அல்ல, அலட்சியம்.