கடிகாரம் கோல் அடிக்காது

ஜெர்மனியின் ஹாம்பர்க் கால்பந்துக் கழகம் ஏழு பருவங்கள் இரண்டாம் பிரிவில் ஆட நேர்ந்ததை, மரபுக்கு இழைக்கப்பட்ட அநீதி என்று புலம்புவோர் உண்டு. இதை என்னால் ஏற்க இயலவில்லை.

1983இல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற கழகம்தான், மறுப்பார் யார்? 1963இல் பன்டெஸ்லிகா தொடங்கிய நாள்முதல் முதற்பிரிவில் நீடித்த காலத்தை, அரங்கில் கடிகாரம் வைத்து நொடி நொடியாக எண்ணிக் காட்டியது. 2018இல் ஆடத் தெரியாமல் இறங்கியது. யாரும் பிடித்துத் தள்ளவில்லை. அப்போதும் கடிகாரம் ஓய்ந்ததா? கழகம் பிறந்த 1887இலிருந்து எண்ணத் தொடங்கியது! 2019இல்தான் அகற்றினார்கள்.

2023 மே மாதம், கடைசி ஆட்டத்தை வென்றதும் ஏறிவிட்டோமென்று ஹாம்பர்க் ரசிகர்கள் மைதானத்துக்குள் பாய்ந்து கொண்டாடினர். அந்நேரம் ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேரே வாழும் ஹைடன்ஹைம் ஊரின் அணி, 90 நிமிடம் கடந்தபின் இரு கோல்கள் அடித்து, 3-2 என வென்று அவ்விடத்தைப் பறித்தது. எஞ்சிய வாய்ப்பான தகுதிச் சுற்றிலோ ஸ்டுட்கார்ட்டிடம் இரு ஆட்டங்களிலும் தோற்றது ஹாம்பர்க். சிற்றூர் உழைத்துப் பெற்றதைப் பேரூருக்குப் பிறப்புரிமை என்பது எந்த நியாயம்?

2025 மே மாதம் உல்ம் அணியை 6-1 என வீழ்த்தி ஹாம்பர்க் ஏறியது. அந்த ஏற்றத்தை வணங்குகிறேன். அதைத் தந்தவை புள்ளிகள், பழம்பெருமை அன்று. வீழ்ந்தவர் நம்பிக்கை கொள்ளலாம், உரிமை கோரலாகாது.