செயலியின் மறுமுனையில் யார்?

1896-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29-ஆம் தேதி, மதுரையிலிருந்து பதினாறு வயதுப் பள்ளி மாணவர் ஒருவர் யாரிடமும் சொல்லாமல் திருவண்ணாமலைக்குப் புறப்பட்டார். கையில் இருந்தது 3 ரூபாய். பழைய நிலப்படம் ஒன்றைப் பார்த்து, திருவண்ணாமலைக்கு அருகிலுள்ள ரயில் நிலையம் திண்டிவனம் என்று கணித்து, 2 ரூபாய் 13 அணாவுக்குப் பயணச்சீட்டு வாங்கினார். விழுப்புரத்தில் மாறினால் திருவண்ணாமலைக்கே ரயில் உண்டு என்பதை, உடன் பயணித்த மௌல்வி ஒருவர் சொல்லித்தான் அறிந்தார். அதற்குள் பணம் தீர்ந்துவிட்டது. மாம்பழப்பட்டு வரை ரயிலிலும் பின்னர் கால்நடையாகவும் சென்று, கீழூரில் காதுக் கடுக்கனை அடகு வைத்து 4 ரூபாய் பெற்று, செப்டம்பர் 1-ஆம் தேதி அவர் திருவண்ணாமலையை அடைந்தார். அவரே பின்னாளில் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்தவர்.

பக்தர்கள் இதை அருணாசலத்தின் அழைப்பு என்பர். பொருளாதாரம் கற்பித்த எனக்கு இதில் வேறொரு பாடமும் தெரிகிறது. தனியாகப் பயணம் செய்பவருக்குப் பணத்தைவிட முதலில் பற்றாக்குறையாவது தகவல். குடும்பத்துடன் செல்பவருக்கு வழி தெரிந்தவர் ஒருவர், விலை தெரிந்தவர் ஒருவர், பெட்டியைப் பார்த்துக்கொள்பவர் ஒருவர் என்று துணை இருக்கும். தனியாகச் செல்பவர் இவை அனைத்தையும் தாமே செய்தாக வேண்டும்.

ஒரு பரிமாற்றத்தில் ஒரு தரப்புக்குத் தெரிந்தது மறுதரப்புக்குத் தெரியாமல் இருந்தால் சந்தை எவ்வாறு பிறழும் என்பதை 1970-இல் ஜார்ஜ் அகர்லோஃப் விளக்கினார். இத்துறை ஆய்வுக்காக ஸ்பென்ஸ், ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருடன் 2001-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பௌர்ணமி இரவில் திருவண்ணாமலைப் பேருந்து நிலையத்தில் இறங்கும் வெளியூர்க்காரர் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. ஆட்டோவுக்கு என்ன கட்டணம், அறைக்கு என்ன வாடகை என்பது கேட்பவருக்குத் தெரியும், கொடுப்பவருக்குத் தெரியாது.

இந்த இடைவெளியைக் கைப்பேசி குறைக்கும் என்பதற்குச் சான்று உண்டு. 1997 முதல் 2001 வரையிலான காலத்தில் கேரளக் கடற்கரைக்குக் கைப்பேசி வந்தபோது, மத்தி மீனின் விலை துறைக்குத் துறை வேறுபடுவது வெகுவாகக் குறைந்ததையும், விலைபோகாமல் மீன் வீணாவது ஏறக்குறைய நின்றுபோனதையும் ராபர்ட் ஜென்சனின் 2007-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. மீனவருக்குக் கிடைத்த அதே நன்மை இன்று பயணிக்கும் கிடைக்கிறது.

ரயில்வே 2025 ஜூலையில் அறிமுகப்படுத்திய 'ரயில்ஒன்' செயலியில் முன்பதிவு, முன்பதிவில்லாப் பயணச்சீட்டு, ரயில் இருக்குமிடம், புகார் ஆகியவை ஒரே இடத்தில் உள்ளன. 'வேர் இஸ் மை டிரெயின்' செயலி, ரயிலில் இருப்பவரின் கைப்பேசிக்கு எட்டும் கோபுரச் சமிக்ஞையைக் கொண்டு, இணையம் இல்லாமலேயே ரயில் எங்கே செல்கிறது என்று காட்டும். நள்ளிரவில் இறங்க வேண்டிய தனிப் பயணிக்கு இது பேருதவி. 'டிஜிலாக்கர்' இருந்தால் அடையாள அட்டை தொலைந்துவிடுமோ என்ற அச்சம் இல்லை. 2016-இல் வந்த யுபிஐ முறையால் கடுக்கனை அடகு வைக்கும் நிலையும் இல்லை.

ஆனால், தகவல் தருவதோடு செயலியின் வேலை முடிந்துவிடுகிறது. அந்தத் தகவல் மெய்யாக இருப்பதும், ஆபத்தில் அழைத்தால் ஒருவர் வந்து நிற்பதும் செயலிக்கு வெளியே உள்ள மனிதர்களையும் அமைப்புகளையும் பொறுத்தவை. நம் அரசுகள் செயலிகளைத் தொடங்கிவைப்பதில் காட்டும் ஆர்வத்தை இந்த மறுமுனையில் காட்டுவதில்லை என்பதே என் கவலை.

2024 நவம்பரில் உத்தர பிரதேசத்தின் பரேலி அருகே, வரைபடச் செயலி காட்டிய வழியில் சென்றதாகக் கூறப்படும் கார் ஒன்று, வெள்ளத்தில் ஒரு பகுதி இடிந்துபோன பாலத்திலிருந்து ராமகங்கை ஆற்றில் விழுந்து மூவர் உயிரிழந்தனர். பழி முழுவதும் செயலிமீது விழுந்தது. ஆனால், பாலத்தின் வாயிலில் உரிய தடுப்பு இருந்திருந்தால் அந்தக் கார் அங்கேயே நின்றிருக்கும். பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள் மீதும் வழக்குப் பதிவு செய்யப்பட்டது இதனால்தான்.

பாதுகாப்புச் செயலிகளுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். நாடு முழுவதற்கும் 112 என்ற ஒரே அவசர எண் உள்ளது. 2017 முதல் இந்தியாவில் விற்கப்படும் கைப்பேசிகளில் அவசர அழைப்புப் பொத்தான் வசதி கட்டாயம். சாதாரணக் கைப்பேசியில் 5 அல்லது 9 என்ற எண்ணை நீண்ட நேரம் அழுத்தினாலே அழைப்புப் போகும் என்பது விதி. தமிழக காவல் துறையின் 'காவல் உதவி' செயலி 2022-இல் வந்தது. பெண்களுக்கு 181, ரயில் பயணிகளுக்கு 139 என உதவி எண்கள் உள்ளன. கருவிகளுக்குக் குறைவில்லை.

இத்தனையும் இருந்தும், 2025 மார்ச்சில் திருவண்ணாமலைக்கு வந்த பிரான்ஸ் நாட்டுப் பெண்ணைப் பாலியல் வன்கொடுமை செய்த குற்றச்சாட்டில் சுற்றுலா வழிகாட்டி ஒருவர் கைது செய்யப்பட்டார். அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில், ஆந்திரத்திலிருந்து வந்த இளம்பெண்ணை இரவில் தடுத்து நிறுத்தி வன்கொடுமை செய்த குற்றச்சாட்டில் கைதானவர்கள் இரண்டு காவலர்கள். அப்பெண் தனியாகக்கூட வரவில்லை, குடும்பத்தாருடன் வந்தவர். முதல் நிகழ்வில் குற்றம் சாட்டப்பட்டவர் வழிகாட்ட வேண்டியவர். இரண்டாவதில், அழைத்தால் ஓடிவர வேண்டிய துறையைச் சேர்ந்தவர்கள். பொத்தானை அழுத்தக் கற்றுக்கொடுப்பது எளிது. அழுத்தினால் வருபவரை நம்பலாம் என்ற உறுதியைக் கொடுப்பதுதான் கடினம். அதை எந்த மென்பொருளாலும் எழுத முடியாது.

ஊரின் இயல்பையும் கணக்கில் கொள்ள வேண்டும். கிரிவலப் பாதை 14 கி.மீ. நீளமுடையது. பௌர்ணமியிலும் கார்த்திகை தீபத்தன்றும் லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் கூடும்போது கைப்பேசிக் கோபுரங்கள் திணறுவது இயல்பு. உதவி மிகவும் தேவைப்படும் இரவில்தான் இணையம் கைவிடும். இயற்கையும் முன்னறிவிப்பின்றி வரும். 2024 டிசம்பர் 1-ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஏழு பேர் உயிரிழந்தனர். வெளியூரிலிருந்து வரும் தனிப் பயணிக்கு எந்தச் சரிவு ஆபத்தானது என்று எப்படித் தெரியும்?

மறுமுனையில் ஆள் இருந்தால் என்ன செய்யலாம் என்பதற்கு ரயில்வே பாதுகாப்புப் படை 2020-இல் தொடங்கிய 'மேரி சஹேலி' திட்டம் நல்ல முன்மாதிரி. தனியாகப் பயணம் செய்யும் பெண்களைப் பெண் காவலர்கள் புறப்படும் நிலையத்திலேயே சந்தித்துப் பேசுகின்றனர். அவர்களது பெட்டி, இருக்கை விவரங்களை வழியிலுள்ள நிலையங்களுக்குத் தெரிவிக்கின்றனர். இதில் பயணி எந்தச் செயலியையும் பதிவிறக்கத் தேவையில்லை. துறை தானே தேடி வருகிறது.

திருவண்ணாமலையில் செய்யக்கூடியவை சில உண்டு. எதுவும் பெருஞ்செலவு பிடிப்பதன்று. கிரிவலப் பாதை நெடுகிலும் நூறு மீட்டருக்கு ஓர் எண் பலகை நட வேண்டும். "குபேர லிங்கத்துக்கு அப்பால் எங்கோ" என்று தவிப்பவர், "85-ஆம் எண் பலகை" என்று சொன்னால் போதும். இணையமோ வரைபடமோ தேவையில்லை. வழிகாட்டிகளையும் ஆட்டோ ஓட்டுநர்களையும் காவல் சரிபார்ப்புக்குப் பின் பதிவுசெய்து, படத்துடன் கூடிய அட்டை வழங்க வேண்டும். அதைப் பயணி தமது கைப்பேசியில் சரிபார்க்கும் வசதி வேண்டும். அறிவிக்கப்பட்ட கட்டணங்களைத் தமிழ், தெலுங்கு, ஆங்கிலத்தில் ரயில், பேருந்து நிலைய வாயில்களில் எழுதிவைக்க வேண்டும். ஆந்திர, தெலங்கானப் பக்தர்கள் பெருகிவரும் ஊரில், அவசர அழைப்பை எடுப்பவருக்குத் தெலுங்கு தெரிந்திருப்பது சலுகையன்று, தேவை.

எல்லாவற்றுக்கும் மேலாக, அவசர அழைப்புகள் எத்தனை வந்தன, காவலர் சென்றடைய எத்தனை நிமிடங்கள் ஆயின என்ற கணக்கை மாவட்ட வாரியாக மாதந்தோறும் வெளியிட வேண்டும். ஒரு செயலி எத்தனை பேரால் பதிவிறக்கப்பட்டது என்பது விளம்பரக் கணக்கு. எத்தனை நிமிடத்தில் உதவி வந்தது என்பதே மக்களுக்கு வேண்டிய கணக்கு.

தனியாகப் புறப்படுபவர்களும் செய்ய வேண்டியவை உண்டு. ஊரின் வரைபடத்தை வீட்டிலேயே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். நம்பிக்கைக்குரிய ஒருவருக்கு மட்டும் உங்கள் இருப்பிடத்தைப் பகிருங்கள். பார்க்க வேண்டாதவர்கள் பார்க்கும் சமூக ஊடகத்தில், ஊர் திரும்பிய பிறகு படங்களைப் போடலாம். வனத்துறை அனுமதியின்றி மலையேறாதீர்கள். விடுதி முன்பதிவுக்குத் தேடலில் முதலில் வரும் தளத்தை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள்; யாத்திரை முன்பதிவு என்ற பெயரில் போலித் தளங்கள் நடத்தும் மோசடி குறித்து இந்திய சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் 2025 ஏப்ரலில் எச்சரித்தது. ஏமாந்தால் உடனே 1930-ஐ அழையுங்கள். சிறிது ரொக்கமும், முக்கிய எண்கள் எழுதிய ஒரு துண்டுத் தாளும் சட்டைப்பையில் இருக்கட்டும். மின்னூட்டம் தீர்ந்த கைப்பேசியில் எந்தச் செயலியும் பேசாது.

தனியாகப் பயணம் செய்வது, குறிப்பாகப் பெண்களுக்கும் முதியோருக்கும், ஒரு பொருளாதார உரிமையும்கூட. நேர்காணலுக்கும் மருத்துவத்துக்கும் வழிபாட்டுக்கும் துணைக்கு ஆள் தேடிக் காத்திருக்க வேண்டிய நிலை, அவர்களது வாய்ப்புகளின்மீது விதிக்கப்படும் கண்ணுக்குத் தெரியாத வரி. அந்த வரியைக் குறைக்கும் ஆற்றல் கைப்பேசிக்கு உண்டு. அதை முழுவதுமாக நீக்கும் பொறுப்பு, அழைப்பு மணி ஒலிக்கும்போது எழுந்து வர வேண்டியவர்களுடையது.