மூன்று ரன்

பரீட்சை நெருங்கும் சமயத்தில் மட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் பிள்ளையைப் பார்த்து, "அது சோறு போடுமாடா?" என்று கேட்காத வீடு உண்டா? நீங்களும் கேட்டிருப்பீர்கள். என் அக்கா வீட்டில் அது தினப்படி அர்ச்சனை.

இங்கிலாந்திலும் இந்தச் சங்கடம் உண்டு. கிரிக்கெட் ஏப்ரலில் தொடங்கும். சர்வகலாசாலைப் பரீட்சைகளோ மே, ஜூனில் வந்து நிற்கும். நடுவே கிடைக்கும் சில வாரங்களுக்காகவே வருஷா வருஷம் ஒரு கோஷ்டி பிறந்தது. பரீட்சை வந்ததும் கலைந்தது. ஈசலின் ஆயுள்தான் அதற்கு. ஆனாலும் அது பறந்த பறப்பு இருக்கிறதே, அதைத்தான் சொல்ல வந்தேன்.

1972-ல் பென்சன் அண்ட் ஹெட்ஜஸ் என்ற சிகரெட் கம்பெனியின் பெயரால் ஒரு கோப்பைப் பந்தயம் ஆரம்பமாயிற்று. சம்பளத்துக்கு ஆடும் கவுண்டி அணிகளோடு மாணவர்களுக்கும் ஓர் இடம் தந்தார்கள். (சிகரெட்டுக்கும் மாணவர்களுக்கும் என்ன முடிச்சு என்று யாரும் கேட்கவில்லை போலும்!) முதல் மூன்று வருஷம் கேம்பிரிட்ஜும் ஆக்ஸ்போர்டும் மாறி மாறி ஆடின. 1975-ல் இரண்டும் கைகோத்தன. 1987 முதல் மற்ற சர்வகலாசாலைப் பிள்ளைகளுக்கும் கதவு திறந்தது.

வழக்கமாகத் தோல்விதான். எப்போதாவது அதிசயம் நடக்கும். 1976-ல் பார்ன்ஸ்லி என்ற ஊரில் யார்க்ஷயரையே தோற்கடித்துவிட்டார்கள். கிரிக்கெட்டை மதமாகக் கொண்டாடும் மண் அது. எத்தனை வீட்டில் அன்று அடுப்பு எரியவில்லையோ! அந்த ஆட்டத்தில் ஐம்பதைத் தாண்டி வெளுத்து வாங்கியவர் கஜன் பத்மநாதன். பெயரே சொல்கிறதல்லவா? இலங்கையிலிருந்து படிக்கப் போனவர்.

இனி 1989-க்கு வருகிறேன். அந்த வருஷக் காப்டன் மைக்கேல் ஆதர்ட்டன், கேம்பிரிட்ஜில் சரித்திர மாணவர். டர்ஹாமிலிருந்து வந்திருந்தார் நாசர் ஹுசேன். நம் சென்னையில் 1968-ல் பிறந்த பிள்ளை! தகப்பனார் ரஞ்சி கோப்பையில் சென்னைக்காக ஆடியவர். தாயார் ஆங்கிலேயப் பெண்மணி. 1975-ல் குடும்பம் இங்கிலாந்துக்குப் போயிற்று. இல்ஃபோர்டில் தகப்பனார் கிரிக்கெட் பயிற்சிப் பள்ளி நடத்தினார். பையன் முதலில் பேர் வாங்கியது சுழற்பந்தில். பதினைந்து வயது வாக்கில் மளமளவென்று உயர்ந்தான். பந்து கைக்கு அடங்காமல் போயிற்று. அத்தனை வருஷ உழைப்பும் ஒரே வளர்த்தியில் போனால் அந்த வயதில் எப்படி இருக்கும்? பெற்ற மனங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பையன் மட்டையைப் பிடித்துக்கொண்டான்.

அந்த வசந்தத்தில் மாணவர்கள் சர்ரேயை வென்றார்கள். அதற்கு முந்தின வருஷத்துக் கவுண்டி சாம்பியனான வொர்ஸ்டர்ஷயரை அவர்கள் மைதானத்திலேயே வென்றார்கள். மாணவர் கோஷ்டி கால் இறுதிக்குப் போனது அதுவே முதல் தடவை.

கால் இறுதி டான்டனில், சாமர்செட்டுடன். எதிர்த்தரப்புக் காப்டன் யார் தெரியுமா? விக் மார்க்ஸ், பார்ன்ஸ்லியில் யார்க்ஷயரை வென்ற அதே மாணவர் கோஷ்டியில் ஆடியவர். விதியின் குறும்பு! சாமர்செட் முதலில் ஆடி நிறையவே குவித்தது. பிள்ளைகள் துரத்தினார்கள். நம் சென்னைப் பிள்ளை 118 அடித்தார். 55 ஓவரும் முடிந்தன. கணக்குப் பார்த்தால், 3 ரன் குறைவு. எங்கேயாவது ஒரு பந்து கூடுதலாக எல்லைக் கோட்டைத் தாண்டியிருந்தால் அரை இறுதி!

அவ்வளவுதான். ஆளுக்கொரு திசையாய்ப் போனார்கள். அந்த ஆகஸ்டிலேயே ஆதர்ட்டன் இங்கிலாந்துக்காக ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இறங்கினார். இரண்டாவது பந்திலேயே ரன் இல்லாமல் திரும்பினார், பாவம். ஹுசேன் 1990-ல் மேற்கிந்தியத் தீவுகளில் இறங்கினார். 1993 முதல் 2003 வரையிலான பத்து வருஷத்தில் பெரும்பகுதி இங்கிலாந்தின் காப்டன் பதவி இந்த இருவரிடமே இருந்தது. பட்டம்? அதையும் வாங்கினார்கள், இரண்டு பேரும்.

கோஷ்டிக்குத்தான் ஆயுள் கெட்டி இல்லை. மறுபடி ஒரு கால் இறுதி வாய்க்கவில்லை. 1998-தான் கடைசி. மறு வருஷம் முன்னணிக் கவுண்டிகள் எட்டு மட்டுமே என்று விதியை மாற்றினார்கள். பிள்ளைகளை யாரும் வழியனுப்பக்கூட இல்லை. அந்தக் கோப்பையும் 2002-க்குப் பிறகு நின்றுபோயிற்று.

அக்கா பிள்ளைக்கு இந்தக் கதையைச் சொல்லலாமா என்று யோசிக்கிறேன். அடுத்த வாரம் அவனுக்குக் கணக்குப் பரீட்சை. முடியட்டும்.