ஊரைக் கேட்டு விலை பேசாதே

"எந்த ஊர்? சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறாய்?" ஓசூரில் கம்ப்யூட்டர் டெக்னீசியன் வேலைக்குப் போகும் பிள்ளைகளிடம் கேட்கப்படும் கேள்விகள் இவை. முதலாவது சாதியை மோப்பம் பிடிக்கிறது. இரண்டாவது, சாதி தந்த வறுமையை விலை பேசுகிறது. குடும்பத்தில் முதன்முதலாக ஐடிஐ முடித்தவருக்கு நிலவரம் சொல்ல எந்த ஆபீசிலும் மாமா, சித்தப்பா இல்லை. வேலை கிடைத்தால் போதுமென்று குறைத்துச் சொல்கிறார். வீட்டு வாடகையோ பெங்களூருவைப் பார்த்து ஏறுகிறது.

"அவர்தானே ஒப்புக்கொண்டார்" என்பது வாதமல்ல. 1946இல் அம்பேத்கர் கொண்டுவந்த மசோதா, 1948இல் குறைந்தபட்ச ஊதியச் சட்டமானது. அதற்கும் குறைவான கூலிக்குச் சம்மதித்துக் கையெழுத்திட்டாலும் செல்லாது என்றது அச்சட்டம். அந்தத் தொகை தரைதான். நியாயமான சம்பளம் அதற்கு மேலேதான் தொடங்குகிறது.

விளம்பரத்திலேயே சம்பளத்தைப் போடட்டும். தோழர்களே, நீங்கள் தொகை சொல்லாதீர்கள். "இந்த வேலைக்கு என்ன சம்பளம்?" என்று திருப்பிக் கேளுங்கள்.