எவர் வண்டி கம்பீரம்?

ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபஜ்ர் தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வரும்போது, எதிரேயுள்ள தேநீர்க் கடையின் மரப்பெஞ்சில் ஒரு வழக்கு ஏற்கெனவே தொடங்கியிருக்கும். பழைய மோட்டார் சைக்கிள்களுள் கம்பீரமானது எது என்பதே அவ்வழக்கு. பதினைந்து ஆண்டுகளாக நடந்துவருகிறது. தீர்ப்பு மட்டும் வரவில்லை. புல்லட் கட்சியினர் பெஞ்சின் நடுவில் அமர்ந்திருப்பார்கள். எஸ்டிக்காரர்கள் ஓரத்தில். ராஜ்தூத் 350ஐ வாழ்நாளில் சில மாதங்கள் மட்டும் வைத்திருந்த ஒருவர் உண்டு; அவர் பிறர் பேசுவதைக் கேட்பதே இல்லை. ஆர்எக்ஸ் 100 வைத்திருக்கும் இளைஞர்கள் நின்றுகொண்டே வாதாடுவார்கள். நாம் புல்லட் கட்சி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை.

பள்ளிக்கு எதிரே உட்கார்ந்து இரும்பைப் பற்றி இவ்வளவு பேச்சா, இது வீண்பேச்சு அல்லவா என்று கேட்கும் பெரியவர்கள் நம் ஊரில் உண்டு. கேள்வி நியாயமானதே. வீணானவற்றை விட்டு விலகியிருப்பதை இறைநம்பிக்கையாளரின் பண்பாகக் குர்ஆன் சொல்கிறது. ஆயினும் இந்தப் பெஞ்சை வீணென்று தள்ள நமக்கு மனம் வரவில்லை. வாப்பாவும் மகனும் வீட்டில் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளாத குடும்பங்கள் இரண்டை நாம் அறிவோம். அந்த இரு வாப்பாக்களும் அவர்தம் மகன்களும் பேசிக்கொள்வது இங்கே மட்டும்தான். அதுவும் கார்புரேட்டரைப் பற்றித்தான்.

இக்கேலிப் பேச்சை இத்தனை ஆண்டுகள் சண்டையாக மாறாமல் காத்துவந்தது எழுதப்படாத ஒரு நெறி. தன் வண்டியின் குறையை முதலில் தானே சொல்லிவிட்டுத்தான் பிறர் வண்டியின்மீது கைவைக்க வேண்டும். அந்நெறி ஒருநாள் முறிந்ததைச் சொல்லவே இதை எழுதுகிறோம். அதற்குமுன் கட்சிக்காரர்களின் வாதங்களைக் கேட்டுவிடுங்கள். அவை இல்லாமல் நடந்தது விளங்காது.

புல்லட்டின் பெருமை அதன் பிடிவாதத்தில் இருக்கிறது. 1955இல் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. 1970 வாக்கில் இங்கிலாந்தில் தாய் நிறுவனம் மூடப்பட்டுவிட்டது. திருவொற்றியூரோ அதே 346 சிசி வண்டியைச் செய்துகொண்டே இருந்தது. 1977இல் அந்த வண்டி இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. வெள்ளைக்காரன் கைவிட்டதை நம் ஊர்த் தொழிலாளி காப்பாற்றி அவனுக்கே விற்றான் என்று நம் கட்சியினர் சொல்லும்போது மற்ற கட்சிகள் சிறிது நேரம் வாய் திறப்பதில்லை.

அதன் குறையையும் நாமே சொல்லிவிடுகிறோம். பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டை எடுப்பது ஒரு வித்தை. சாவியைப் போட்டு, கிக்கரை மெல்ல அழுத்தியபடி விளக்குக் கூட்டின்மேல் இருக்கும் ஆம்பியர் முள்ளைப் பார்க்க வேண்டும். முள் நடுவுக்கு வந்ததும் டீகம்ப்ரஸர் பிடியை இழுத்து, கிக்கரை ஒரு நூலளவு தாண்ட விட்டு, பிடியை விட்டுவிட்டு உதைக்க வேண்டும். அவசரப்பட்டவர் கணுக்காலைக் கிக்கர் திருப்பி அடிக்கும். வலக்காலில் கியர், இடக்காலில் பிரேக். வேறு வண்டி ஓட்டிப் பழகியவர் நெருக்கடியில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பார். பிறகு அந்த எண்ணெய்ச் சொட்டு. புல்லட் இரவில் எந்த வீட்டு வாசலில் நின்றது என்பதைக் காலையில் சிமெண்டுத் தரையே சொல்லும் என்பது எஸ்டிக்காரர்களின் நிரந்தரக் கிண்டல். மறுக்க இயலாது.

எஸ்டியின் கதை செக் நாட்டிலிருந்து வருகிறது. யானெச்செக் என்ற உரிமையாளரின் பெயரையும் வாண்டரர் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் பெயரையும் சேர்த்ததே ஜாவா. 1960களின் தொடக்கத்தில் மைசூரில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை உருவானது. பின்னர் அதே வண்டிக் குடும்பம் எஸ்டி என்னும் பெயரில் வந்தது. 1996இல் ஆலை மூடப்பட்டது. 250 சிசி, ஒற்றை சிலிண்டர், ஆனால் இரண்டு சைலன்சர். எல்லாவற்றையும்விட வியப்பு அந்த நெம்புகோல். கியர் போடும் தண்டும் உதைத்து எடுக்கும் தண்டும் ஒன்றே. உள்ளே தள்ளி மேலே திருப்பினால் கிக்கர். எஞ்சின் உயிர்பெற்றதும் முன்னே சாய்த்தால் கியர். கிளட்சுப் பிடியைத் தொடாமலேயே காலால் கியரை மாற்றிவிடலாம். ஒரு கையில் மீன் பையைத் தூக்கிக்கொண்டு மறுகையால் ஓட்டி வந்தவர்களை நம் தெரு கண்டிருக்கிறது. (இதை யாரும் முயல வேண்டாம்.) குறையென்றால் புகை. பெட்ரோலில் 2டி ஆயிலை அளந்து கலக்க வேண்டும். கை சற்றுத் தாராளமானால் பின்னால் வருபவருக்குத் தெரு தெரியாது.

ராஜ்தூத் 350க்காரரின் வாதம் சுருக்கமானது: எண்ணைப் பார். யமஹாவின் ஆர்டி 350ஐ எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983இல் இங்கே கொண்டுவந்தது. 347 சிசி, இரட்டை சிலிண்டர், முதலில் வந்த வகையில் ஏறக்குறைய 30 குதிரைத் திறன். புல்லட்டுக்கு அப்போது 18. தடுக்கும் ஆற்றல் பாயும் ஆற்றலுக்கு ஈடாக இல்லை என்பதையும், பெட்ரோலை அது குடித்த விதத்தையும் அவரே ஒப்புக்கொள்வார். விற்பனையில் அது தோற்றது. பத்தாண்டு முடியுமுன்பே நின்றுபோனது. அன்று சீண்டுவாரில்லாத வண்டிக்கு இன்று லட்சக்கணக்கில் விலை சொல்கிறார்கள். இவ்விலைப் பித்து பெஞ்சின் பேச்சைச் சற்றுக் கெடுத்தே இருக்கிறது என்பது நம் எண்ணம். முன்பு வண்டியைப் பற்றிப் பேசியவர்கள் இப்போது அதன் மதிப்பைப் பற்றிப் பேசுகிறார்கள்.

இளைஞர்களின் ஆர்எக்ஸ் 100க்கு 98 சிசிதான்; 11 குதிரைத் திறன். ஆனால் அதன் எடை சுமார் 100 கிலோ என்பதால் கையை முறுக்கியதும் பறக்கும். 1985இல் வந்து 1996இல் நின்றது. அதை இன்று வைத்திருப்பவர்களுள் பலர் அது நின்றபின் பிறந்தவர்கள். சைலன்சரை வெட்டிவிட்டுத் தொழுகை நேரத்தில் பள்ளியைக் கடக்கும் இருவரைப் பற்றி நமக்குக் கடுமையான கருத்து உண்டு. அதை அவர்களிடம் நேரிலேயே சொல்லிவிட்டோம்.

ஒருமுறை அவர்களுள் ஒருவர் கைப்பேசியை நீட்டி, உலகிலேயே கம்பீரமானது இங்கிலாந்தின் வின்சென்ட் என்று புதுக் கட்சி ஒன்றைத் தொடங்கினார். 998 சிசி. 1948இல் அமெரிக்காவின் பொன்னவில் உப்புவெளியில் ரோலி ஃப்ரீ என்பவர் அதில் மணிக்கு 150 மைல் வேகத்தைத் தாண்டினார். போட்டிருந்த தோல் உடுப்பு காற்றில் கிழிந்துபோகவே, அதைக் களைந்துவிட்டு நீச்சல் கால்சட்டையுடன் இருக்கையின்மேல் நீட்டிப் படுத்தபடி ஓட்டினாராம். படத்தையும் காட்டினார். பெரியவர் ஒருவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“அவ்ரத்தை மறைக்காமல் ஜெயித்த வண்டி நமக்கெதற்கு, தம்பி?” என்றார்.

வின்சென்ட் கட்சி அன்றே கலைந்தது. நம் தெருவில் நின்றிராத வண்டி போட்டியில் சேராது என்று விதியும் இயற்றப்பட்டது. தேநீர்க் கடைக்காரர் மட்டும் எந்தக் கட்சியிலும் இல்லை. பால் கேன் கட்டிய டிவிஎஸ் 50ஐச் சுட்டிக்காட்டி, “உங்கள் வண்டிகளெல்லாம் பேச்சில் ஓடுகின்றன. இது ஓடியதால்தான் உங்கள் கிளாஸில் தேநீர் இருக்கிறது” என்பார்.

வாகனத்தின்மேல் மனிதருக்குப் பற்று வருவது இயல்பு. நபி (ஸல்) அவர்களின் அள்பா என்னும் ஒட்டகம் எவராலும் முந்தப்படாததாக இருந்தது. கிராமவாசி ஒருவர் தம் ஒட்டகத்தில் வந்து அதை முந்திச் சென்றபோது தோழர்களுக்கு அது வருத்தமாக இருந்தது. அதைக் கண்ட நபியவர்கள், இவ்வுலகில் உயரும் எதையும் அல்லாஹ் தாழ்த்தாமல் விடுவதில்லை என்ற கருத்தில் சொன்னதைப் புகாரி நூலில் காண்கிறோம். தோழர்கள் வருந்தியதை நபியவர்கள் குற்றமாக்கவில்லை. அந்தக் கிராமவாசியை ஒருவரும் இழித்துரைத்ததாகவும் அதில் இல்லை. நம் பெஞ்சு இடறியது இந்த இரண்டாவது இடத்தில்தான்.

எஸ்டிக் காக்கா என்றே அழைக்கப்படும் ஒருவர் எங்களிடையே உண்டு. இருபது ஆண்டுகள் ஒரே எஸ்டியை ஓட்டியவர். ஆணியைப் போலிருக்கும் பழைய ஜாவாவின் சாவி தொடங்கி, பாயிண்டைத் தீட்டும் முறை வரை அவரிடம் கேட்டுத்தான் நமக்குத் தெரியும். மைசூர் ஆலை மூடி, உதிரிப் பாகங்கள் அரிதாகி, அந்த வண்டிகளை வாங்க ஆளில்லாதிருந்த காலத்தில் அவர் தம் வண்டியை விற்றார். இரும்பு வியாபாரி எடைக்கணக்கில் எடுத்துச் சென்றார். பின்னர் பழைய எஸ்டிகளுக்குத் திடீரென மவுசு வந்தது. நம் தெரு இளைஞர் ஒருவர் வெளியூரிலிருந்து ஒன்றைப் பெருவிலைக்கு வாங்கி, குரோமியம் பூசி, பளபளவென்று கொண்டுவந்தார்.

ஒரு ஞாயிறு, காக்கா அந்த வண்டியின் சத்தத்தைக் கேட்டுவிட்டு அதன் டைமிங் சரியில்லை என்றார். இளைஞர் சிரித்துக்கொண்டே, “எடைக்குப் போட்டவர்களெல்லாம் எஸ்டியைப் பற்றிப் பேசலாமா, காக்கா?” என்று கேட்டார்.

பெஞ்சு முழுவதும் சிரித்தது. நாமும் சிரித்தோம், அதை மறைப்பதற்கில்லை. நல்ல அடி என்றுகூட ஒருவர் தொடையில் தட்டினார். காக்காவும் சிரித்தார். தேநீரை முடித்து, காசு கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. ஃபஜ்ருக்கு வருவார்; ஸலாம் சொல்வார்; பள்ளியின் பின்வாசல் வழியே வீட்டுக்குப் போய்விடுவார்.

மூன்றாம் வாரம் இஷாவுக்குப் பின் அவர் வீட்டுக்குப் போனோம். வெகுநேரம் வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தார். பின்னர், “வண்டியைச் சொல்லியிருந்தால் நானும் மனம்விட்டுச் சிரித்திருப்பேன். அவன் விற்றதைச் சொன்னான். அது என் உம்மாவின் ஆஸ்பத்திரிக் கணக்கு” என்றார்.

இருபது ஆண்டு நட்பில் நாம் அதைக் கேட்டதே இல்லை. வண்டியின் சிசியைக் கேட்டோம், மைலேஜைக் கேட்டோம், விற்ற விலையைக்கூடக் கேட்டுச் சிரித்தோம். ஏன் விற்றீர்கள் என்று கேட்கவில்லை.

ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிக்க வேண்டாமென்று ஹுஜுராத் அத்தியாயம் தடுப்பதை ஜும்ஆ பயானில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அது பகைவர்களுக்கிடையே உள்ள பரிகாசம் என்று எண்ணிக்கொண்டிருந்தோம் போலும். நட்பிலிருக்கும் கேலி, கூர்மையானாலும், இரும்பின்மேல் விழும்வரை ஒலிதான் எழுப்பும். எண்ணெய் சொட்டுகிறது, புகை கக்குகிறது, பெட்ரோல் குடிக்கிறது: இவற்றில் எதற்கும் இரத்தம் வராது. வண்டியை எவர் வாங்க முடிந்தது, எவர் விற்க நேர்ந்தது என்ற பேச்சு வந்த கணத்தில் அது மனிதரின்மேல் இறங்கிவிடுகிறது. அந்த இளைஞர் தம் வண்டியின் குறை எதையும் சொல்லாமல் தொடங்கினார் என்பதை அன்றே ஒருவர் சுட்டியிருந்தால் போதும். பெஞ்சில் மூத்தவர்கள் நாம் இருந்தோம். பிழை அவரைவிட நம்முடையது.

அவருக்கு விவரம் சொன்னபோது முகம் வெளுத்துவிட்டது. உடனே வாட்ஸ்அப்பில் மன்னிப்புக் கேட்கக் கைப்பேசியை எடுத்தார். தடுத்தோம். பலர் முன்னிலையில் வாயால் சொன்னதற்கு எழுத்தில், அதுவும் தனியே, பரிகாரம் தேடுவது சரியல்ல. வண்டியை எடுத்துக்கொண்டு நேரே காக்காவின் வாசலுக்குப் போனார். என்ன பேசிக்கொண்டார்கள் என்று நமக்குத் தெரியாது. சற்று நேரத்தில் தெருமுனைவரை கேட்டது காக்காவின் குரல்: ஸ்க்ரூ டிரைவரும் ஃபில்லர் கேஜும் கொண்டுவரச் சொல்லி வீட்டுக்குள் கத்திக்கொண்டிருந்தார். பாயிண்ட் இடைவெளி தவறாக இருந்ததாம். டைமிங் சரியில்லை என்று அவர் சொன்னது உண்மைதான்.

இவ்வழக்கில் சாட்சி சொல்ல அழைக்கப்படாத ஒரு தரப்பும் உண்டு. இந்த வண்டிகளின் பின்னிருக்கையில் கைக்குழந்தையுடன் ஒருக்களித்து அமர்ந்து, சைலன்சரில் கால் சுட்டுக்கொண்ட பெண்கள். நம் வீட்டில் கேட்டுப் பார்த்தோம். புல்லட்டைச் சொல்வார் என்று நம்பிக்கையோடு கேட்டோம். “எஸ்டியில் ஏறியதில்லை, அதனால் தெரியாது. புல்லட் என்றால் அடுத்த தெருவில் வரும்போதே சத்தம் கேட்கும். தோசைக் கல்லை அடுப்பில் வைத்துவிடலாம். அவ்வளவுதான்” என்றார். கம்பீரத்துக்கு இதைவிடப் பெரிய சான்று இல்லையென்று மறுவாரம் வாதிட்டோம். ராஜ்தூத்காரர் ஏற்கவில்லை. தம் வண்டி வருவதற்கு முன் தோசை வெந்திருக்காது என்றார்.

நான்காம் ஞாயிறு காக்கா வந்தார். எவரும் எதுவும் கேட்கவில்லை. கடைக்காரர் சர்க்கரை குறைத்து அவர் தேநீரை நீட்டினார். பெஞ்சில் இடமில்லை; அந்த இளைஞர் எழுந்து நின்றார். காக்கா உட்கார்ந்து, தம் பழைய வண்டியின் புகையில் பக்கத்து வீட்டு வேப்பமரமே கறுத்துப்போன கதையை முதலில் சொல்லி முடித்தார். பிறகு நம் பக்கம் திரும்பினார்.

“எண்ணெய் சொட்டுகிற வண்டிக்காரர் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். வெள்ளைக் கைலி கட்டி வந்திருக்கிறேன்.”

தள்ளி உட்கார்ந்தோம்.