தொழிற்சாலையில் வந்தபடியா, எங்கள் விருப்பப்படியா?



சென்ற இதழில் வின்ரர் ரயர் பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்த ஒரு தாயார் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, என்ர மகன் ஓவர்ரைம் காசை எல்லாம் சேர்த்து ஐம்பது வருசப் பழைய கார் ஒண்டு வாங்கித் திருத்தப் போறானாம். இவனுக்கு என்ன விசரோ?" என்று கேட்டார்.

விசர் இல்லை அக்கா. ஆனால் காசைக் கொட்ட முதல் ஒரு கேள்விக்கு விடை தெரிய வேண்டும். அந்தக் கேள்வி எங்கள் வேலைத்தலத்தில்தான் எங்களுக்கு வந்தது.

நாங்கள் வேலை செய்யும் தொழிற்சாலையில் வாகன உதிரிப்பாகங்கள் செய்கிறோம். இரவு வேலையில் நாங்கள் நாலு தமிழர். எங்களுக்கு மேலே ஒரு வெள்ளைக்காரர், இந்த வருடம் ஓய்வு பெறுகிறவர். அவருடைய தகப்பனார் ஓஷாவா ஜெனரல் மோட்டர்ஸ் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அங்கே செய்த ஒரு காரைத் தன் சம்பளத்திலேயே வாங்கினார். 1968ஆம் ஆண்டு போமொன்ற். தகப்பன் இறந்த பின் அது கராஜில் துருப்பிடித்துக் கிடக்கிறது.

போமொன்ற் என்ற பெயரை எங்கள் ஆட்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் இருந்து வரும் கார்களுக்குக் கனடாவில் வரி அதிகம். ஆகவே கனடாவுக்கென்றே சில கார்களைச் செய்தார்கள். போமொன்ற் அதில் ஒன்று. உடம்பு ஷெவர்லே ஷெவெல், எஞ்சின் ஷெவர்லே, உள்ளே முன்பலகை பொன்ரியாக் வகை. 1965இல் இரு நாடுகளும் வாகன வரி ஒப்பந்தம் செய்த பின் தனிக் கார் தேவைப்படவில்லை. 1969உடன் அந்தப் பெயர் நின்றுவிட்டது.

இந்த வகையை "மஸில் கார்" என்பார்கள். நடுத்தரக் காருக்குள் பெரிய காரின் எஞ்சினை வைத்து, சாதாரண தொழிலாளி வாங்கக்கூடிய விலைக்கு விற்றார்கள். 1964இல் வந்த பொன்ரியாக் ஜி.ரி.ஓ.வைத்தான் பலர் தொடக்கம் என்று சொல்வார்கள். காப்புறுதிக் கட்டணம் ஏற, புகைச் சட்டம் வர, 1973இல் எண்ணெய் நெருக்கடியும் வர, அந்தக் காலம் முடிந்தது.

இப்போது அவர் வீட்டில் பிரச்சினை. அவருக்குக் கார் தகப்பன் ஓட்டின மாதிரியே வேண்டும். மகளுக்குப் புது எஞ்சின், குளிரூட்டி, நல்ல பிறேக் எல்லாம் வேண்டும். காசோ ஒரு முறை திருத்தத்தான் காணும். தேநீர் இடைவேளையில் எங்களைக் கேட்டார்: "நீங்கள் ஊரில் பழைய கார் ஓட்டியவர்களாமே, என்ன செய்வீர்கள்?"

எங்களுக்குச் சிரிப்பு வந்தது. யாழ்ப்பாணத்தில் தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை. பெரியப்பாவின் ஒஸ்ரின் ஏ-40 சொட்டுப் பெற்றோலில் உயிர் பெற்று மண்ணெண்ணெயில் ஓடியது. எந்தப் பாகம் கிடைத்ததோ அதைப் போட்டோம். "தொழிற்சாலையில் வந்தபடி" என்ற கதையே இல்லை, ஓடினால் சரி. இங்கே அப்படி அல்ல. இங்கே தெரிவு இருக்கிறது, அதுதான் கஷ்டம்.

தொழிற்சாலை வந்தபடி திருத்துகிறவர்கள் ஆணி வரை பார்ப்பார்கள். அன்று பரிசோதகர் சோக்கால் போட்ட அடையாளத்தைக்கூட மறுபடி போடுவார்கள். பெயின்ற் வழிந்த இடத்தில் வழிய விடுவார்கள். நாங்கள் தொழிற்சாலையில் வேலை செய்கிறபடியால் இது விளங்குகிறது. லைனில் ஓடும் பொருள் கண்ணாடி மாதிரி வராது. இன்று பலர் அன்றைய காரிலும் பார்க்க மினுக்கமாகச் செய்துவிட்டு "அசல்" என்கிறார்கள். அது அசல் அல்ல, அழகு மட்டும்தான்.

நாங்கள் அவருக்குச் சொன்னது இதுதான்: முதலில் எஞ்சின் இலக்கத்தைப் பாருங்கள். ஜெனரல் மோட்டர்ஸ் கார்களில் 1968 முதல் காரின் தொடர் இலக்கத்தின் ஒரு பகுதி எஞ்சினிலும் பொறிக்கப்பட்டிருக்கும். ஷெவர்லே எட்டுச் சிலிண்டர் எஞ்சினில் முன்பக்கம், வலது சிலிண்டர் தலைக்கு முன்னால் ஒரு சிறிய தட்டையான இடத்தில் இருக்கும். அது கண்ணாடிக்குக் கீழே உள்ள இலக்கத்தோடு பொருந்தினால், அந்த எஞ்சின் அந்தக் காரோடு பிறந்தது. பிறகு வாங்கக் கிடையாது.

ஒரு சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனோம். எண்ணெயும் துருவும் துடைத்தோம். இலக்கம் பொருந்தியது. மனிதர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்பா இதை ஒரு நாளும் மாத்தவில்லை" என்றார்.

அதன் பிறகு முடிவு சுலபமாகிவிட்டது. அசல் எஞ்சின் இருக்கும். கடைசல்காரர் மேல்முகத்தைச் சீவும்போது அந்த இலக்கத்தையும் சீவிவிடாமல் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தோம். ஈயம் கலந்த பெற்றோல் கனடாவில் 1990இல் தடை செய்யப்பட்டது, ஆகவே வால்வு இருக்கைகளைக் கடினமானதாக மாற்றச் சொன்னோம். வெளியே தெரியாது.

பிறேக் விசயத்தில் மகள் பக்கம் நின்றோம். நாலு சில்லிலும் டிரம் பிறேக், அடிக்கடி அழுத்தினால் சூடேறிப் பிடிக்காது. பேரப்பிள்ளைகளை ஏற்றப்போகிற கார். முன்னுக்கு டிஸ்க் பிறேக், நல்ல இருக்கைப் பட்டி, ரேடியல் ரயர். எல்லாம் ஆணியைக் கழற்றிப் பழையபடி ஆக்கக்கூடியவை. பழைய பாகங்களைப் பெயர் எழுதிப் பெட்டியில் வைத்திருக்கிறார். குளிரூட்டிக்காகத் தகட்டில் துளை வெட்ட வேண்டும் என்றதும் மகளே வேண்டாம் என்றுவிட்டாள்.

அக்கா, உங்கள் மகனுக்கு எங்கள் ஆலோசனை:

அசல் எஞ்சினும் பத்திரங்களும் உள்ள காரானால் வெட்டி ஒட்ட விடாதீர்கள். எஞ்சினே இல்லாத சாதாரண காரானால் விருப்பம்போல் செய்யட்டும், ஒருவருக்கும் நட்டமில்லை. ஆனால் இல்லாத சின்னத்தை ஒட்டி, உயர்ந்த மாதிரி என்று பிறகு விற்கக் கூடாது. அது களவு.

ஒன்ராறியோவில் முப்பது வருடத்துக்கு மேற்பட்ட, பெரிதாக மாற்றப்படாத காருக்குத்தான் "ஹிஸ்டோரிக்" இலக்கத்தகடு கிடைக்கும். அதையும் கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்கே ஓட்டலாம், வேலைக்கு ஓட்ட முடியாது. என்ன மாற்றினாலும் காப்புறுதிக்காரருக்கு முதலே சொல்ல வேண்டும்.

முக்கியமாக, கழற்றக்கூடிய மாற்றத்தைத் துணிந்து செய்யலாம். திரும்ப ஆக்க முடியாததைச் செய்ய முன்னர் ஒரு வருடம் பொறுக்கலாம்.

ஓஷாவாவில் 2019 டிசம்பரில் வாகனம் செய்வது நின்றது, 2021இல் ட்ரக் செய்யத் திறந்தார்கள். அவருடைய தகப்பன் வேலை செய்த காலம் திரும்பி வராது. அந்தக் கைகள் பூட்டிய ஆணிகளில் சில இன்னும் அந்தக் காரில் இருக்கின்றன. அவற்றை அவர் மாற்றவில்லை.

அடுத்த இதழில் வேலைத்தலக் காயமும் இழப்பீடும் பற்றி எழுதுகிறோம். கேள்விகள் இருந்தால் வழமைபோல எழுதுங்கள்.