மௌத்தானவரின் டூல்ஸ் பெட்டி



பழைய ரெச்சட், சொக்கட் செட் சேர்க்கிற நானாமாரே, தம்பிமாரே,

மௌத்தான மெக்கானிக் ஒருவரின் வீட்டில் டூல்ஸ் பெட்டியைப் பழைய இரும்பு விலைக்கு வாங்கிவிட்டு, நல்ல வியாபாரம் என்று சந்தோஷப்படுகிறோம். உள்ளே விட்வேர்த் சொக்கட்கள் கிடக்கும். அதில் 1/2 என்று அடித்திருப்பது நட்டின் அகலம் அல்ல, போல்ட்டின் விட்டம். பழைய பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிளுக்கு அதுதான் பிடிக்கும்; பொருந்தாத மில்லிமீற்றர் சொக்கட்டைப் போட்டால் நட்டின் முனை மழுங்கிவிடும்.

இது நமக்குத் தெரியும், அந்த வீட்டுத் தாத்தாவுக்குத் தெரியாது. அந்தப் பெட்டியில் யத்தீம் பிள்ளைகளின் பங்கும் இருக்கிறது.

பெறுமதியைச் சொல்லியே வாங்குவோம். அவ்வளவு காசு கையில் இல்லையென்றால், கொடுக்கக்கூடிய ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவோம்.